ஜிசிஎஸ்இ இங்கிலிஷ்: படிவம் கேட்பது லாங்குவேஜா, லிட்ரேச்சரா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் மகள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "மாமா, நேர்சிங்குக்கு அப்ளை பண்ணினனான். எனக்கு இங்கிலிஷ் இல்லையாம். நான் இங்கிலிஷிலை ஆறு எடுத்தனான் தானே?"

எடுத்தவள்தான். ஆனால் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையில் அந்த 6 வந்தது லிட்ரேச்சரில், அதாவது இலக்கியத்தில். லாங்குவேஜில், அதாவது மொழியில், 3. பல்கலைக்கழகம் கேட்டிருந்தது லாங்குவேஜில் 4. பதினாறு வயதில் கொலிஜில் சேர்ந்தபோது மறுபடி எழுது என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது தெரியாததால்தான் நம்மவர் வீடுகளில் இந்தக் குழப்பம் ஆண்டுதோறும் வருகிறது. ஆகவே, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும், ஊரிலிருந்து சான்றிதழோடு வந்தவர்களுக்கும் சேர்த்து ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு. ஸ்கொட்லாந்தில் நஷனல் 5 இங்கிலிஷ் என்று ஒரே பாடம்தான், இந்தச் சிக்கலே இல்லை. வேல்ஸில் 2025 செப்டம்பரிலிருந்து மொழியையும் இலக்கியத்தையும் இணைத்த புதுப் பாடம் தொடங்கியிருக்கிறது.

படி 1: சான்றிதழை மேசையில் வையுங்கள்

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் தரும் பெறுபேற்றுத் தாள் தற்காலிகமானது. சான்றிதழ் சில மாதம் கழித்துத்தான் வரும். பலர் அதை எடுக்கப் போவதே இல்லை. எடுக்காத சான்றிதழைப் பள்ளிக்கூடம் குறைந்தது 12 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு உத்தரவாதம் கிடையாது. தொலைந்திருந்தால் ஏகியூஏ, பியர்சன் எடெக்ஸெல், ஓசிஆர், எடுகாஸ் இவற்றில் எந்தப் பரீட்சைச் சபையில் எழுதினீர்களோ அங்கேயே காசு கட்டி மாற்று ஆவணம் எடுக்கலாம்.

இப்போது பாடத்தின் பெயரை எழுத்துக் கூட்டி வாசியுங்கள். 2017 கோடையிலிருந்து இரண்டே பெயர்: இங்கிலிஷ் லாங்குவேஜ், இங்கிலிஷ் லிட்ரேச்சர். தரம் 9 முதல் 1 வரை. 4 என்றால் சாதாரண சித்தி, 5 என்றால் பலமான சித்தி. பழைய சி தரத்தின் அடிமட்டம் 4 தொடங்கும் இடத்தோடு பொருந்தும். அதற்கு முந்திய சான்றிதழ்களில் வெறும் 'இங்கிலிஷ்' என்று ஒரு பாடமும் இருந்தது. அதில் சி அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். மொழிப் பாடம் கேட்கும் இடங்களில் பொதுவாக அதை ஏற்றுக்கொள்வார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கண் ஏமாறும். லாங்குவேஜுக்குப் பக்கத்தில் பேச்சுத் திறனுக்கென்று தனியாக ஒரு வரி வரும்: பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன். அதற்கும் 9–1 தரத்துக்கும் தொடர்பே இல்லை. ஒரு தகப்பன் அந்த 'பாஸ்' ஐப் பார்த்துவிட்டு "பிள்ளை லாங்குவேஜ் பாஸ்தானே" என்று என்னோடு அரை மணி நேரம் வாதாடினார். மேலே 2 என்று இருந்தது.

படி 2: கேட்பவர் யார் என்று பிரியுங்கள்

பெயர் ஒன்றாக இருந்தாலும் சோதனை இரண்டு வகை. லிட்ரேச்சரில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று, 19ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்று, கவிதைகள், 1914க்குப் பிந்திய பிரித்தானியப் புனைவோ நாடகமோ ஒன்று. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுத வேண்டும். எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி போன்றவற்றுக்கு அதில் 5 சதவீதப் புள்ளிதான். லாங்குவேஜில் முன்பின் பார்த்திராத பந்தியைத் தந்து வாசிக்கச் சொல்வார்கள், அப்புறம் சொந்தமாக எழுதச் சொல்வார்கள். வாசிப்புக்குப் பாதி, எழுத்துக்குப் பாதி. மொத்தப் புள்ளியில் 20 சதவீதம் இலக்கணத்துக்கும் எழுத்துக்கூட்டலுக்கும். நோயாளியின் குறிப்பை வாசித்து, நடந்ததைப் பிழையில்லாமல் எழுதி வைக்க வேண்டிய வேலைக்கு ஆள் எடுப்பவர் ஏன் லாங்குவேஜைக் கேட்கிறார் என்பது இதிலேயே விளங்கும்.

இனிக் கேட்பவர்களுக்கு வருவோம்.

பதினாறு வயதுக்குப் பிறகான கொலிஜ். இங்கிலிஷிலும் கணிதத்திலும் 4 இல்லாத பிள்ளை தொடர்ந்து அந்தப் பாடத்தைப் படித்தால்தான் கொலிஜுக்கு அரசாங்கக் காசு வரும் என்பது 2014 முதல் இருக்கும் விதி. 3 எடுத்த முழுநேர மாணவர் ஜிசிஎஸ்இயையே திரும்ப எழுத வேண்டும். 2 அல்லது அதற்குக் கீழே என்றால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற அன்றாடத் தேவைக்கான இங்கிலிஷ் பாடத்தைப் படிக்கலாம். ஆனால் இந்த விதிக்கு லாங்குவேஜ், லிட்ரேச்சர் இரண்டில் எதில் 4 இருந்தாலும் போதும். பள்ளிக்கூடங்களின் தரவரிசைக் கணக்கிலும் அப்படித்தான்: இரண்டில் நல்லது எதுவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நேர்சிங் பிள்ளைக்கு நடந்தது இதுதான். லிட்ரேச்சரில் 6 இருந்ததால் பள்ளிக்கூடத்துக்கும் குறையில்லை, கொலிஜுக்கும் காசு வந்தது. இரண்டு வருடம் கழித்து நட்டம் அவளுக்கு மட்டும்.

அதனால் என் அபிப்பிராயம்: லாங்குவேஜில் 3, லிட்ரேச்சரில் 4க்கு மேல் என்று வந்த பிள்ளை, கொலிஜ் கேட்காவிட்டாலும் நவம்பரில் லாங்குவேஜை எழுதிவிட வேண்டும். படித்தது மறக்கும் முன் எழுதுவது எப்போதும் இலகு.

பல்கலைக்கழகம். இங்கே பொது விதி என்று ஒன்றைத் தேட வேண்டாம். ஒரே பல்கலைக்கழகத்திலேயே ஒரு துறை 'இரண்டில் ஒன்று' என்று எழுதியிருக்கும், பக்கத்துத் துறை 'லாங்குவேஜ் கட்டாயம்' என்று எழுதியிருக்கும். மருத்துவம், நேர்சிங் போன்றவற்றில் லாங்குவேஜ் என்று பெயர் சொல்லியே கேட்கும் இடங்கள் நிறைய.

ஆசிரியர் பயிற்சி. இங்கிலிஷிலும் கணிதத்திலும் 4, ஆரம்பப் பள்ளி ஆசிரியர் என்றால் விஞ்ஞானத்திலும் 4. லிட்ரேச்சரை ஏற்கும் பயிற்சி நிறுவனங்கள் பல உண்டு. இல்லாதவர்களுக்கு ஜிசிஎஸ்இக்குச் சமமான சோதனை ஒன்றும் வைக்கிறார்கள். லிட்ரேச்சர் மட்டும் கையில் இருப்பவர்களுக்கு ஓரளவு கதவு திறந்திருக்கும் இடம் இது.

வேலை. கடை, அலுவலகம், கவுன்சில் விளம்பரங்களில் பெரும்பாலும் 'இங்கிலிஷிலும் கணிதத்திலும் 4 அல்லது சி' என்று மொட்டையாகத்தான் இருக்கும். லிட்ரேச்சரைக் காட்டி வேலை எடுத்தவர்களும் உண்டு. ஆனால் படிவத்தில் வெறுமனே 'இங்கிலிஷ் 6' என்று எழுதாதீர்கள். பாடத்தின் முழுப் பெயரை எழுதுங்கள். வேலை கிடைத்த பிறகு சான்றிதழைக் கேட்கும்போது நாம் ஏதோ மறைத்ததுபோல ஆகிவிடக் கூடாது.

விசா. ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுக்கு ஆங்கிலம் நிரூபிக்கும்போது, 18 வயதுக்கு முன் இங்குள்ள பள்ளிக்கூடத்தில் படித்து எடுத்த ஜிசிஎஸ்இ இங்கிலிஷ் உதவும். லாங்குவேஜோ லிட்ரேச்சரோ, எதுவானாலும் சரி. குடியுரிமை விண்ணப்பத்துக்கு ஜிசிஎஸ்இ எடுபடாது. சிலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் காசு கட்டிவிட்டு வந்து நிற்கிறார்கள்.

படி 3: அந்த ஒரு வரியைத் திரும்ப வாசியுங்கள்

நுழைவுத் தகைமை என்ற பகுதியில் இங்கிலிஷ் என்ற சொல்லுக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'லாங்குவேஜ்' என்று இருந்தால் பேச்சே இல்லை, அதுதான் வேண்டும். 'லாங்குவேஜ் அல்லது லிட்ரேச்சர்' என்று இருந்தால் இரண்டில் ஒன்று போதும். இரண்டுக்கும் நடுவில் சரிவுக்கோடு மட்டும் போட்டிருந்தால் அநேகமாக 'அல்லது'தான், ஆனாலும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். வெறும் 'இங்கிலிஷ்' என்று இருந்தால் லாங்குவேஜ் என்றே எடுத்துக்கொண்டு படி 4க்குப் போங்கள்.

'ஐந்து ஜிசிஎஸ்இ, இங்கிலிஷ் உட்பட' என்று வரும் இடத்தில் லிட்ரேச்சர் அந்த ஐந்தில் ஒன்றாக நிற்கும். 'உட்பட' என்பதற்கு அது போதுமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

படி 4: எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் "ஓம், பிரச்சினையில்லை" என்று சொன்னவர் அடுத்த மாதம் அந்தக் கதிரையில் இருக்க மாட்டார். மின்னஞ்சல் அனுப்புங்கள். நாலு வரி போதும்: நான் விண்ணப்பிக்கும் கற்கைநெறியின் பெயரும் குறியீட்டு எண்ணும் இது, எனக்கு இங்கிலிஷ் லிட்ரேச்சரில் இந்தத் தரம், லாங்குவேஜில் இந்தத் தரம், உங்கள் நிபந்தனைக்கு லிட்ரேச்சர் போதுமா, போதாவிட்டால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 ஏற்பீர்களா, எந்தத் தேதிக்குள் தர வேண்டும்? வந்த பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். லாங்குவேஜ் தரம் குறைவு என்று அதை எழுதாமல் விடுவது புத்திசாலித்தனம் இல்லை, எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள்.

படி 5: லாங்குவேஜ் இல்லையென்றால்

பெறுபேறு இப்போதுதான் வந்தது, 4க்கு ஓரிரு புள்ளிதான் குறைவு என்றால் முதலில் பள்ளிக்கூடம் ஊடாக மறுபார்வை கேளுங்கள். செப்டம்பர் கடைசிவரை நேரம் இருக்கும். புள்ளி குறையவும் கூடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நவம்பர். அந்த மாதத்தில் வைக்கும் ஜிசிஎஸ்இகள் இரண்டே இரண்டு: லாங்குவேஜ், கணிதம். லிட்ரேச்சர் கோடையில் மட்டும். அந்த வருடம் ஓகஸ்ட் 31இல் 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். பதிவு ஒக்டோபர் தொடக்கத்தில் முடிந்துவிடும், பெறுபேறு ஜனவரியில். ஏகியூஏ சபை என்றால் இரண்டு தாள், ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் மணி நேரம், 80 புள்ளி. பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். ஆனால் தனியாட்களை ஏற்கும் நிலையத்தை நீங்கள்தான் தேட வேண்டும். அதை செப்டம்பரில் தொடங்குங்கள். ஒக்டோபரில் தொடங்கினால் பக்கத்து ஊர்வரை அலைய வேண்டியிருக்கும். நிலையத்துக்கு நிலையம் கட்டணம் வேறுபடும், இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 மூன்றாவது வழி. வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றும் இருக்கும், தரம் இல்லை, சித்தி அல்லது சித்தியில்லை. வேலை செய்துகொண்டே பயிலும் அப்ரென்டிஸ்ஷிப்புக்கு இது செல்லும். நேர்சிங்குக்குச் சில பல்கலைக்கழகங்கள் எடுக்கும், ஆசிரியர் பயிற்சிக்குப் பல இடங்களில் எடுபடாது. ஆகவே படி 4இல் பதில் வந்த பிறகு சேருங்கள். 19 வயதுக்கு மேற்பட்ட, இங்கிலிஷில் 4 இல்லாதவர்களுக்கு இந்த நிலைவரை இலவசப் படிப்பு உண்டு. வதிவிட நிபந்தனை இருக்கிறது. உங்கள் பகுதிக் கொலிஜில் வயது வந்தோர் பிரிவில் கேட்டால் சொல்வார்கள்.

படி 6: ஊர்ச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு

இலங்கை ஓ லெவலிலும் இதே பிரிவு உண்டு. ஆங்கில மொழி எல்லோரும் எழுதும் பாடம், ஆங்கில இலக்கிய நயம் விரும்பி எடுப்பது. இங்கே கேட்பது முதலாவதை. சி சித்தியா (திறமைச் சித்தி), எஸ் சித்தியா (சாதாரண சித்தி) என்பதையும் பார்ப்பார்கள். வெளிநாட்டுத் தகைமைகளை இங்குள்ளவற்றோடு ஒப்பிடும் யூகே ஈனிக் நிறுவனத்திடம் ஒப்பீட்டு அறிக்கை எடுக்கலாம். 2021 வரை நாரிக் என்று இருந்தது அதுதான். ஆனால் அறிக்கை சமம் என்று சொன்னாலும் முடிவு பல்கலைக்கழகத்தின் கையில், ஆகவே அறிக்கைக்குக் காசு கட்டமுன் அவர்களுக்கு அது தேவையா என்று கேளுங்கள். கொழும்பு சர்வதேசப் பள்ளிகளில் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (ஜிசிஎஸ்இயின் சர்வதேச வடிவம்) எழுதியவர்கள், முதல் மொழியாக எழுதினீர்களா, இரண்டாம் மொழியாக எழுதினீர்களா என்று பாருங்கள். இரண்டாம் மொழிப் பாடத்தை ஏற்காத இடங்கள் இருக்கின்றன.

நேர்சிங் பிள்ளை அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது: லிட்ரேச்சர் போதாது, ஆனால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 செல்லும், படிப்புத் தொடங்கும் முன் தந்தால் போதும். இப்போது செவ்வாய்க்கிழமை மாலைகளில் வகுப்புக்குப் போகிறாள். "மாமா, கொமா எங்கை போடுறது எண்டு இப்பதான் விளங்குது" என்று நேற்று வட்ஸ்அப் பண்ணியிருந்தாள். அந்த வரியிலும் கொமா இல்லை.