வெளி மை ஊற்றப் போகிறீர்களா? பிரிண்டர் ஹெட்டைக் கெடுக்கும் தவறுகள்

இங்க்ஜெட் பிரிண்டரில் வெளி மை, அதாவது பிரிண்டர் கம்பெனி அல்லாத வேறொருவர் செய்த மை, ஊற்றினால் ஹெட் (காகிதத்தில் மையைத் தெளிக்கும் பாகம்) போய்விடும் என்பார் ஒருவர். வருடக்கணக்காக ஊற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பார் இன்னொருவர். இரண்டும் நடப்பவைதான். பொருந்திய மை ஓடுகிறது, பொருந்தாத மை அடைக்கிறது. அதனால் "எந்தப் பிராண்ட் நல்லது?" என்று தேடக் கிளம்புவதே முதல் தவறு. உங்கள் பிரிண்டரில் என்ன ஹெட், ஒவ்வொரு நிறத்திலும் எந்த வகை மை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிராண்டை அப்புறம் பார்க்கலாம்.

டையா, பிக்மென்டா?

டை மையில் சாயம், தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரைந்திருக்கும். பிக்மென்ட் மையில் நிறத்துகள்கள் கரையாமல் மிதக்கும். ஒரு துகள் சுமார் 100 நானோமீட்டர். அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைக்கத் தனியாக ஒரு ரசாயனம் சேர்த்திருப்பார்கள். அதில் டை மை கலந்தால் அந்தப் பிரிப்பு குலைந்து, திரிந்த பால் போலத் திப்பிதிப்பியாகிவிடலாம். ஹெட்டில் மை வெளியேறும் நாசில் துளையோ தலைமுடியைவிடக் குறுகலானது. அங்கே இந்தக் கசடு சிக்கினால், பிரிண்டரே மையை இழுத்து ஹெட்டைக் கழுவும் கிளீனிங் போட்டும் பெரும்பாலும் பலனில்லை.

அதிகம் ஏமாற்றுவது கறுப்புதான். எப்சன் 003 மை வரிசையில் நான்கு நிறமும் டை. அதே எப்சனின் 001 வரிசையில் கறுப்பு பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. கேனன் ஜிஐ-790, எச்பி ஜிடி53 ஆகியவற்றிலும் கறுப்பு பிக்மென்ட். எனவே "எப்சன் டேங்க் பிரிண்டருக்கு" என்று மட்டும் அச்சிட்ட பாட்டிலை நம்பி வாங்க முடியாது. வரிசை எண்ணும், டையா பிக்மென்டா என்பதும் லேபிளில் இல்லையென்றால் அந்தப் பாட்டில் வேண்டாம்.

பிக்மென்ட் இருந்த இடத்தில் டை கறுப்பை ஊற்றினால் சாதாரணக் காகிதத்தில் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும், ஹைலைட்டர் பட்டாலே கலையும். டைக்கென்று செய்த ஹெட்டில் பிக்மென்ட் போனால், நாலு நாள் பிரிண்ட் எடுக்காமல் விட்டாலே அடைப்பு தொடங்கலாம்.

சப்ளிமேஷன் மையும் இதே மாதிரி பாட்டிலில்தான் வருகிறது. அது துணிக்கும் கோப்பைக்கும் ஹீட் பிரஸ்ஸில் ஏற்றுவதற்கானது. காகிதத்தில் வெளிறிப்போய்த் தெரியும். டேங்கில் ஊற்றிவிட்டால் முழுவதையும் உறிஞ்சி எடுத்து, டியூப் வரை கழுவ வேண்டும்.

ஊற்றுவதற்கு முன் ஒரு நாள்

இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் எடுங்கள். முதல் குப்பியில், டேங்கிலிருந்து சிரிஞ்சில் எடுத்த பழைய மை 1 மி.லி., புதிய மை 1 மி.லி. இரண்டாவதில் புதிய மை மட்டும் 2 மி.லி. மூடி 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மறுநாள் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிச் சுவரில் வழியும் படலம் ஒரே சீராக இருக்க வேண்டும். மணல் போலப் பொடியோ, நூல் போல இழையோ, அடியில் கெட்டியான படிவோ முதல் குப்பியில் மட்டும் இருந்தால் இரண்டும் சேராதவை. இரண்டாவதிலும் இருந்தால் மையே பழசு, அல்லது சரியாக வடிகட்டாதது. இந்தச் சோதனையில் தேறினால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. தேறாததை மட்டும் நிச்சயமாக ஊற்றாதீர்கள்.

லேபிளில் போட்டிருக்கும் வகை உண்மையா என்று பார்க்க ஒரு துளியைக் காபி வடிகட்டும் தாளில் விடுங்கள். டை என்றால் நிறம் ஈரத்தோடு சேர்ந்து பரவும், ஓரத்தில் வேறு சாயல் பிரிந்து தெரிவதும் உண்டு. பிக்மென்ட் பெரும்பாலும் நடுவிலேயே கருத்து நின்று, ஈர வளையம் மட்டும் வெளியே போகும்.

"யுனிவர்சல்" என்ற சொல்

எல்லாப் பிரிண்டருக்கும் ஒரே மை என்பது விற்பவருக்கு வசதி. கேனன், எச்பி ஹெட்கள் பெரும்பாலும் தெர்மல் வகை: நாசிலுக்குள் இருக்கும் குட்டி ஹீட்டர் சில மைக்ரோ விநாடிகளில் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகி, எழும் ஆவிக்குமிழி மையைத் தள்ளும். அந்தச் சூட்டைத் தாங்காத மை ஹீட்டரின் மேல் கருகிப் படியும், கோகேஷன் என்பார்கள். எப்சன், பிரதர் ஹெட்களில் பீசோ படிகம் மின்சாரத்தில் வளைந்து மையை உந்தும். அங்கே சூடு இல்லை, ஆனால் மையின் பிசுபிசுப்பும் பரப்பு இழுவிசையும் கொஞ்சம் பிசகினாலும் துளி சிதறும், இல்லையென்றால் துளியே விழாது. கெட்டியாக இருக்கிறதே என்று யாரும் குழாய்த் தண்ணீர் கலக்க வேண்டாம். அதிலுள்ள உப்புகளே மையைக் கெடுத்துவிடும்.

ஹெட் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே ஹெட் வரும் மாடலில் மை சொதப்பினால் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜோடு நஷ்டம் முடிந்துவிடும். மலிவு மையைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே பாருங்கள். எப்சன் மாதிரி ஹெட் பிரிண்டரிலேயே நிலையாக இருந்தால் அந்தத் துணிச்சல் கூடாது.

கார்ட்ரிட்ஜ் வாங்குபவர்களுக்கு

கம்பேட்டிபிள் என்றால் வெளிக்கூடு, உள்ளே இருக்கும் மை இரண்டையும் புதிதாக வேறொருவர் செய்தது. ரீமேனுஃபாக்சர்டு என்றால் கம்பெனிக் கூட்டைச் சுத்தம் செய்து மறுபடி நிரப்பியது. இரண்டுக்கும் தலைவலி, கார்ட்ரிட்ஜ் யாருடையது என்று பிரிண்டருக்குச் சொல்லும் சிப்தான். 2016 செப்டம்பரில் எச்பி ஆபீஸ்ஜெட் வரிசையின் பல மாடல்கள், முன்பே ஏற்றியிருந்த ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருள்) காரணமாக வெளிக் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென மறுத்தன. எதிர்ப்பு வந்தபின் அந்தத் தடையில்லாத ஃபர்ம்வேரை எச்பியே வெளியிட்டது. வெளிக் கார்ட்ரிட்ஜ் போடுவதாக இருந்தால் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தலாமா என்று செட்டிங்ஸில் பாருங்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அப்போது வராது, அதையும் கணக்கில் வையுங்கள். ஒரு டஜனை மொத்தமாக வாங்கி அடுக்கி வைப்பது இந்த விஷயத்தில் லாபமில்லை.

"எக்ஸ்எல்" என்ற எழுத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எத்தனை மி.லி. என்று பாருங்கள். பக்கக் கணக்கு சொன்னால் அது ஐஎஸ்ஓ/ஐஇசி 24711 என்ற சர்வதேச முறைப்படி அளந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு கடைக்காரர்களின் எண்களை ஒப்பிட வழியே இல்லை. பொருத்துமுன், காற்றுத் துளையை மூடியிருக்கும் டேப்பை உரித்தெடுங்கள். மறந்தால் முதல் சில பக்கம் நன்றாக வந்து பிறகு கோடு கோடாகும், பழி மையின் மேல் விழும்.

ஊற்றும்போதும் பிறகும்

நான்கு நிறத்தையும் ஒரே நாளில் மாற்றினால் தகராறு எதில் என்று தெரியாது. அதிகம் செலவாகும் ஒரு நிறத்தில் தொடங்கி, 100 பக்கம் ஓடட்டும். மாற்றுமுன் நாசில் செக் (எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று காட்டும் சோதனைப் பிரிண்ட்) எடுத்துத் தேதி போட்டு வையுங்கள், மாற்றியபின் எடுத்ததோடு ஒப்பிடலாம். டேங்கில் மை கீழ்க்கோட்டுக்கு இறங்க விடாதீர்கள். டியூபில் காற்று ஏறிவிடும். பாட்டிலைக் குலுக்கினால் நுரை வரும், மெல்லத் தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்தினால் போதும்.

கோடு விழுந்தால் கிளீனிங் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். பிரிண்டரை அணைத்து 12 மணி நேரம் விட்டுப் பாருங்கள். காற்றுக்குமிழி என்றால் பல நேரம் தானாகவே சரியாகும். விடாமல் கிளீனிங் கொடுத்தால் அத்தனை மையும் கழிவு மையை உறிஞ்சும் வேஸ்ட் பேடுக்குப் போய், அது நிரம்பியதாகக் கணக்கு வந்ததும் பிரிண்டர் நின்றுவிடும்.

லிட்டர் கணக்கில் வாங்கினால் மலிவுதான். திறந்த பாட்டிலை ஆறு மாதத்துக்குள் தீர்க்க முடியுமா என்று கணக்குப் போட்ட பிறகு வாங்குங்கள். பாட்டிலின் பேட்ச் எண்ணைக் குறித்து வைத்தால், அடுத்த பாட்டிலில் நிறம் மாறும்போது சண்டை போட ஆதாரம் இருக்கும்.

போட்டோ பிரிண்ட் எடுப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. கணினியில் பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள், கம்பெனி மைக்கு ஏற்றபடி அமைந்தது, அதனால் வெளி மையில் சாம்பல் நிறம் பச்சையாகவோ ஊதாவாகவோ சாயலாம். அந்த மைக்கும் காகிதத்துக்கும் சேர்த்து ஐசிசி புரொஃபைல் (நிறத்தைச் சரிசெய்யும் கோப்பு) தருகிறார்களா என்று கேளுங்கள். வெளிறுமா என்று பார்க்க, முகம் உள்ள ஒரே படத்தைப் பழைய மையிலும் புதிய மையிலும் எடுத்து, இரண்டிலும் பாதியைக் கனத்த அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று வாரம் ஒட்டிவையுங்கள். அட்டையை எடுத்ததும் முகத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்புச் சாயல் போய் முகம் வெளிறியிருந்தால் மெஜந்தாதான் முதலில் போயிருக்கிறது.