மல்டிடிராக் ரெக்கார்டரில் சுருதி இறங்கிய சிக்கல்

மூன்று நாள் வீணானது. லேப்டாப்பில் தாளமும் கீபோர்டும் ஒரு கட்டையில் ('சி' சுருதியில்) போட்டு, எஸ்டி கார்டு வழியாக, ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பதியும் மல்டிடிராக் ரெக்கார்டரில் ஏற்றினேன். வேலூர் சத்துவாச்சாரி வெயிலில், சத்தம் விழக்கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு கிடார் வாசிக்க உட்கார்ந்தால் சுருதி சேரவே இல்லை.

கிடாரை மறுபடி சுருதி கூட்டினேன், கார்டை ஃபார்மட் செய்தேன், அடாப்டரை எடுத்துவிட்டு பேட்டரியில் ஓட்டினேன். பிட்ச் மாற்றும் வசதியும் அணைந்தே இருந்தது.

விநோதம் என்னவென்றால், சுருதி அரைக்கட்டையும் இறங்கவில்லை, ஒரு கட்டையும் இறங்கவில்லை. 'சி' சுரம் 'பி'க்கும் 'ஏ ஷார்ப்'புக்கும் நட்டநடுவே நின்றது. கேப்போவை (கிடார் கழுத்தில் மாட்டி அரைக்கட்டை அரைக்கட்டையாகச் சுருதி ஏற்றும் கிளிப்) எங்கே மாட்டினாலும் ஒத்துவராது. அப்புறம்தான் கோப்பு ஓடும் நீளத்தைப் பார்த்தேன்: போனில் சரியாக 4:00 நிமிடம் (240 நொடி), ரெக்கார்டரில் 4:21 (261 நொடி). 261-ஐ 240-ஆல் வகுத்தால் 1.088. ஒலிப்பதிவில் வழக்கமான இரண்டு சாம்பிள் ரேட்டுகளான (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்ணிக்கை) 48,000-ஐ 44,100-ஆல் வகுத்தாலும் அதேதான்!

லேப்டாப் கோப்பு 48 கிலோஹெர்ட்ஸ், ரெக்கார்டர் பிராஜெக்ட் 44.1. கருவி எச்சரிக்காமல் ஏற்றுக்கொண்டு மெதுவாக ஓட்டியிருக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக மறுபடி எடுத்து ஏற்றினேன். நீளம் 4:00, முதல் ஸ்ட்ரோக்கிலேயே சுருதி சேர்ந்தது. அன்று இரவே பல்லவியைப் பாடிப் பதிந்துவிட்டேன்.