எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல்போன் சர்வீஸ் கற்க வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, 'எத்தனை நாளில் முடியும்?' என்பதைத்தான். முதல் தவறு அதுவே. 30 நாள் கோர்ஸில் டிஸ்ப்ளே மாற்றவும் சார்ஜிங் பின் வைக்கவும் பழகிவிடலாம். ஆனால் அதைத் தெருவுக்குத் தெரு செய்கிறார்கள், கூலியும் குறைவு. பழுது எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரிடம்தான் அடுத்த கடைக்காரரே சர்க்யூட் போர்டைக் கொண்டுவந்து கொடுப்பார்.

பத்தாவது முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவு இருக்கிறது. 2 ஆண்டுப் படிப்பு. அதை நேர விரயம் என்று ஒதுக்காதீர்கள். ரயில்வே, பொதுத்துறை நிறுவனங்களின் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் பெரும்பாலும் ஐ.டி.ஐ. சான்றிதழ் வேண்டும். தனியார் மையம்தான் என்றால், பணம் கட்டும் முன் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். வோல்டேஜ், ஷார்ட் எல்லாம் அளந்து பார்க்கும் மல்டிமீட்டர் மாணவர் கையில் இருக்கிறதா, ஆசிரியர் கையில் மட்டும் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது, காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றுவது. ஒரு எல்.இ.டி. டி.வி. உயிரே இல்லாமல் வருகிறது. பவர் போர்டில் ஃபியூஸ் போயிருக்கிறது. புது ஃபியூஸ் போட்டு நேராக பிளக்கில் சொருகினால், பெரும்பாலும் அதுவும் போய்விடும். ஃபியூஸ் சும்மா எரிவதில்லை. பெரும்பாலும் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் பிரிட்ஜ் டயோடோ, ஸ்விட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருக்கும். அதை மீட்டரில் பார்த்து மாற்றுங்கள். அப்புறமும் நேராக கரண்ட் கொடுக்காமல், சீரிஸ் பல்ப், அதாவது கரண்ட் போகும் வயரில் தொடராக இணைத்த பல்ப் வழியாகக் கொடுங்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்ப் போதும். ஒரு நொடி எரிந்து மங்கினால் பெரும்பாலும் சரி. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. இந்தப் பல்ப் இல்லாத மேஜையில் வேலை பழகவே கூடாது என்பேன்.

பிளக்கைப் பிடுங்கியதும் போர்டில் கை வைப்பது உயிரோடு விளையாடுவது. 230 வோல்ட் ஏ.சி., டி.சி.யாக மாறி பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கும். பிளக்கை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியையும் இரும்புக் கத்தியால் நெம்பாதீர்கள். ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கலாம்.

போனோடு மட்டும் நின்றுவிடுவதும் தவறுதான். இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின், யு.பி.எஸ்., மின்சார ஸ்கூட்டர் சார்ஜர் என்று எல்லாவற்றிலும் இப்போது போர்டு இருக்கிறது. புது ஏ.சி. போர்டு விலை ஆயிரக்கணக்கில் போவதால், அதையே பழுது பார்த்துத் தருபவரைத் தேடி வருகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போக நினைப்பவர்களும் சர்க்யூட் படம் படிக்கப் பழகுங்கள். அசெம்ப்ளி வரிசையிலிருந்து டெஸ்டிங், ரீவொர்க் (குறையுள்ள போர்டைச் சரிசெய்வது) பக்கம் நகர அது உதவும்.

கடை வைத்த பிறகு பலர் விடுவது ரசீது. பழுது பார்க்கப் போனை வாங்கும்போதே கீறல், கேமரா, ஸ்பீக்கர் நிலையைக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். தேவையில்லாமல் பாஸ்வேர்டு கேட்காதீர்கள், கேலரியைத் திறக்காதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே திருப்பிக் கொடுங்கள்.