சீட்டைப் போட்ட பிறகு சட்டம் பேசாதீர்கள்: நண்பர்கள் கூடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலு நண்பர்கள் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்தால் ஒருவர் சீட்டுக்கட்டை எடுப்பார். ஒருவர் போனில் பாட்டுப் போடுவார். நேற்று ராத்திரி பார்த்த தொடரைப் பற்றி மூன்றாமவர் ஆரம்பிப்பார். கிடார் தட்டத் தெரிந்தவர் ஒருவர் இருந்துவிட்டால் அன்றைக்கே ஒரு பாட்டும் பாதிவரை எழுதப்பட்டுவிடும். இதில் தவறு செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் சின்னச் சின்ன மனஸ்தாபங்கள் முளைப்பது பெரும்பாலும் இந்த மாதிரிப் பொழுதுகளில்தான். அலசிப் பார்த்தால் யாரும் தப்பான விஷயத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சரியானதையே, சொல்லக் கூடாத நேரத்தில் சொல்லியிருப்பார்கள்.

பாதி ஆட்டத்தில் விதி

ஊனோ என்ற சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு ஒரு பிளஸ் டூ, அதாவது இரண்டு சீட்டு எடுக்க வைக்கும் சீட்டு, போடுகிறார். உங்கள் கையிலும் ஒரு பிளஸ் டூ இருக்கிறது. அதை மேலே போட்டு, நாலு சீட்டையும் அடுத்தவர் தலையில் கட்டலாமா? "அதுதானே ஆட்டமே!" என்று பாதிப் பேர் சொல்வார்கள். பெட்டியோடு வரும் விதித்தாளின்படி கூடாது. இரண்டு சீட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் முறையையும் விட்டுவிட வேண்டும். 2019-ல் ஊனோவை வெளியிடும் மேட்டல் நிறுவனமே சமூக ஊடகத்தில், நாலு எடுக்க வைக்கும் பிளஸ் ஃபோர் சீட்டின் மேல் பிளஸ் டூ போட்டு அடுத்தவரை ஆறு எடுக்க வைக்க முடியாது என்று அறிவித்தது. பலர் அந்த நிறுவனத்தோடேயே சண்டைக்குப் போனார்கள்.

பிளஸ் ஃபோர் சீட்டின் கதை இன்னும் வேடிக்கை. மேசையில் கிடக்கும் நிறம் உங்கள் கையில் இருந்தால் பிளஸ் ஃபோரை இறக்கவே கூடாது என்பதுதான் விதி. சந்தேகம் வந்தால் அடுத்தவர் சவால் விடலாம். ஏமாற்றியது தெரிந்தால் போட்டவரே நாலு எடுக்க வேண்டும். சந்தேகம் பொய்யானால் சவால் விட்டவருக்கு ஆறு. இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்காக ஆடுகிறவர்கள் ஏராளம். இத்தனைக்கும் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு விதிச் சண்டையில்தான் என்பார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ், கிரேசி எய்ட்ஸ் என்ற சீட்டாட்டத்தின் விதியைப் பற்றி மகனோடு வாக்குவாதம் வந்த பிறகு, 1971-ல் இதை உருவாக்கினார்.

பிளஸ் டூவை அடுக்கி ஆடுவதில் தவறே கிடையாது. நாலு பேரும் ஒத்துக்கொண்ட விதிக்கு எந்த நிறுவனமும் குறுக்கே வர முடியாது. அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகு விதியை எடுத்து வைப்பதுதான் வம்பு. அந்த நொடியில் நீங்கள் சொல்வது எவ்வளவு நியாயமாக இருந்தாலும், மற்றவர் காதில் அது உங்கள் லாபமாகத்தான் விழும். ஆகவே கேட்க வேண்டியதைச் சீட்டு பிரிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அடுக்கலாமா? போடச் சீட்டு இல்லையென்றால் ஒன்று எடுப்பதா, கிடைக்கும்வரை எடுத்துக்கொண்டே இருப்பதா? ரம்மி என்றால், ஜோக்கர் சேராத சீக்வன்ஸ் (ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் சீட்டு வரிசை) ஒன்று கட்டாயமா? ஏஸை ராஜா ராணியோடும் சேர்க்கலாம், இரண்டு மூன்றோடும் சேர்க்கலாம். ராஜா, ஏஸ், இரண்டு என்று வளைத்துச் சேர்க்கலாமா? கூடாது என்பதே பெரும்பாலான இடங்களில் வழக்கம். ஆனால் அதை ஒருவர் ஆட்டத்தை முடித்து டிக்ளேர் அடித்த பிறகு சொன்னால் அன்றைய பொழுது அங்கேயே முடிந்தது. கேட்க மறந்து, தகராறும் வந்துவிட்டதா? நடக்கிற ஆட்டத்தை இதுவரை ஆடியபடியே முடியுங்கள். புது விதி அடுத்த கையிலிருந்து.

"எனக்கு மட்டும் ஏன் இப்படிச் சீட்டு வருது?" என்ற புலம்பலுக்கும் ஒரு வார்த்தை. பல நேரம் குற்றம் குலுக்கியவருடையது. கட்டை இரண்டாகப் பிரித்து, விளிம்புகளைச் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விடுகிற குலுக்கலில், 52 சீட்டும் நன்றாகக் கலைய ஏறத்தாழ ஏழு முறை வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992-ல் காட்டினார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வதோ, ஒரு கையில் கட்டைப் பிடித்து மேலிருந்து கொத்துக் கொத்தாக இறக்குவது. அது ஏழு முறைக்கும் பத்து முறைக்கும் கலையவே கலையாது; போன ஆட்டத்தில் சேர்ந்திருந்த சீட்டுகள் இந்த ஆட்டத்திலும் கூட்டாளிகளாகவே வரும். விரலில் அந்த வித்தை படியவில்லையென்றால் மேசையில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிஷம் நன்றாக அளைந்துவிடுங்கள். பார்க்கச் சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும், பலன் உண்டு.

புதிதாக ஆட வந்தவரின் தோளுக்குப் பின்னால் நின்று "அதைப் போடாதே, இதைப் போடு" என்று ஓதுவதையும் விட்டுவிடலாம். ஒரே ஒரு ஆட்டம் எல்லாரும் சீட்டைத் திறந்து வைத்து ஆடிக் காட்டினால் அவருக்கே பிடிபட்டுவிடும்.

தேடுபொறி நீதிபதி

பேச்சு சூடு பிடிக்கும்போதே போனை எடுத்து, "இரு, பார்த்துச் சொல்றேன்" என்கிற நண்பர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. இவரை வில்லன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவர் பத்து நிமிஷம் பொறுத்திருக்கலாம்.

ஸ்டார் வார்ஸ் என்ற ஹாலிவுட் பட வரிசையில் 1980-ல் வந்த படத்தின் புகழ்பெற்ற வசனத்தையே பாருங்கள். "லூக், நான்தான் உன் தந்தை" என்று வில்லன் டார்த் வேடர் நாயகன் லூக்கிடம் சொல்வதாகத்தான் பலருக்கு நினைவு. சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருப்பார்கள். படத்தில் அந்த வரியில் லூக்கின் பெயரே வராது. "இல்லை, நான்தான் உன் தந்தை" என்பதுதான் வசனம். இந்த விடையை முதல் நிமிஷத்திலேயே திரையில் காட்டிவிட்டால் சொன்னவருக்கு அசடு வழியும், பேச்சும் அறுந்துபோகும். விட்டுப் பிடித்தால் வேறு கதை. ஒருவர் குரலை மாற்றி நடித்துக் காட்டுவார், ஒருவர் காட்சியை முதலிலிருந்து சொல்வார், "பெயர் சொல்லாமல் சொன்னால் யாரிடம் சொல்கிறார் என்று தனியாகக் கேட்கிறவனுக்கு எப்படிப் புரியும்? அதனால் நாமே பெயரைச் சேர்த்துக்கொண்டோம்" என்று ஒருவர் ஆராய்ச்சியில் இறங்குவார். முதலில் எல்லாரும் தங்கள் விடையை வாய்விட்டுச் சொல்லட்டும். பிறகு ஒருவர் தேடட்டும். தப்பாகச் சொன்னவர்கள் கூட்டமாக இருந்தால் யாருக்கும் வலிக்காது.

"இதைக்கூடப் பார்த்ததில்லையா?" என்ற கேள்வியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவருக்கு அது ஆச்சரியம், கேட்கப்பட்டவருக்கு அது மதிப்பெண். தொடர்களின் முடிவை உடைப்பதும் அப்படித்தான். "எந்த எபிசோடில் இருக்கே?" என்று முதலில் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது.

மெட்டும் வரியும்

இனி எனக்குப் பிடித்த பகுதி. ஒருவர் கிடாரில் நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், எல்லாரும் வரி தேடுகிறார்கள். இங்கே நடக்கும் முதல் தவறு, முதல் வரியையே நல்ல வரியாக எழுத நினைப்பது. "இது ரொம்பச் சாதாரணமா இருக்கு மச்சி" என்று யாராவது அப்போதே சொல்லிவிட்டால், அடுத்த அரைமணி நேரம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "தன்னானே தானனா" என்று தத்தகாரம் போட்டோ, வாய்க்கு வந்த உளறலை வைத்தோ மெட்டை முதலில் முழுசாக நிறுத்துங்கள். 1965-ல் வெளியான 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டுக்கு, சரியான சொல் கிடைக்கும்வரை பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி வைத்திருந்த தற்காலிக வரி முட்டைப் பொரியலைப் பற்றியது. அந்த அறையில் கறாரான விமர்சகர் ஒருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது தமிழுக்கே உரிய சிக்கல்: குறிலை நெடிலாக இழுப்பது. மெட்டு "தானன தானன தானா" என்று போகிறது, முதல் சுரத்தில் நின்று போகிறது என்று வையுங்கள். நண்பர் எழுதுகிறார்: "மலையின் மேலொரு மேகம்." தாளில் அழகான வரி. பாடும்போது 'ம' நீண்டு "மாலையின் மேலொரு மேகம்" ஆகிவிடும். மலை போய் மாலை வந்துவிட்டது. கேட்பவருக்கு மலை எங்கேயும் தெரியாது. வனம் வானமாவதும் கல் காலாவதும் இப்படித்தான். நீளும் சுரத்தில் நெடில் வர வேண்டும், அல்லது குறிலுக்குப் பின் ஒரு ஒற்று வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். "உச்சியில் தூங்குது மேகம்" என்று மாற்றினால் அளவு சரிதான், ஆனால் 'ச்' வந்த இடத்தில் குரல் சட்டென்று நின்றுவிடும். துள்ளலான பாட்டு என்றால் அதுவே அழகு. இழைந்து போகும் மெட்டுக்கு "குன்றினில் தூங்குது மேகம்" என்று பாடிப் பாருங்கள். 'ன்' என்ற ஒலியில் ரீங்காரம் மாதிரி நிற்க முடியும். க், ச், ட், த், ப் ஆகியவற்றில் நிற்கவே முடியாது.

மூன்றாவது, வரிக் கடைசியில் மட்டும் ஒலி ஒத்துப்போனால் போதும் என்ற நினைப்பு. மேகம் என்று முடித்தீர்கள் என்றால் தாகம், மோகம், சோகம் மூன்றும் அழைக்காமலே வாசலில் வந்து நிற்கும். நிலா வந்தால் உலா வரும், ரொம்ப நெருக்கினால் பலா வரும். அப்புறம் பாட்டு எதைப் பற்றியது என்பதை அந்தச் சொற்களே முடிவு செய்யும். நமக்குத்தான் எதுகையும் மோனையும் இருக்கிறதே! வரித் தொடக்கத்தைக் கட்டிவிட்டு, முடிவை அவிழ்த்து விடலாம்:

குன்றினில் தூங்குது மேகம்
சென்றவர் பாதையைக் காணோம்

இரண்டாம் எழுத்து ஒன்றியதால் இரண்டு வரியும் ஒட்டிக்கொண்டன. கடைசிச் சொல்லுக்குச் சொல்ல வந்ததைச் சொல்லும் சுதந்திரமும் கிடைத்தது. பெரிய கவிதை என்று சொல்லவில்லை, ஆனால் பலாவிலிருந்து தப்பித்தோம்.

"இது அந்தப் பாட்டு மாதிரியே இருக்கே" என்ற வாக்கியத்துக்கு நேரம்தான் எல்லாம். மெட்டு பிறக்கும்போது சொன்னால் அதைக் கொன்றுவிடும். முடிந்த பிறகும் சொல்லாமல் விட்டால் வேறு வினை. பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் 1970-ல் வெளியிட்ட 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டின் மெட்டு, 1963-ல் புகழ்பெற்ற, தி ஷிஃபான்ஸ் குழு பாடிய ஒரு பாட்டின் மெட்டுதான் என்று 1976-ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேண்டுமென்று எடுத்ததாக நீதிபதி சொல்லவில்லை. எப்போதோ கேட்டது அடிமனத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறது என்றார். அது மீறல்தான் என்பது மாறவில்லை. ஹாரிசனின் பீட்டில்ஸ் தோழர் மெக்கார்ட்னியோ, 'யெஸ்டர்டே' மெட்டு கனவில் வந்ததால், எங்கோ கேட்டதுதானோ என்று பயந்து, பல வாரங்கள் பார்க்கிறவர்களிடமெல்லாம் பாடிக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முழுசான பிறகு, அதை இதுவரை கேட்காத மூன்று நண்பர்களிடம் சொல் இல்லாமல் முணுமுணுத்துக் காட்டுங்கள். இன்னொரு பாட்டின் பெயர் வந்தால் அன்றைக்கு அது வரம்.

கடைசியாக, யார் எழுதியது என்ற கேள்வி. விளையாட்டாக எழுதும்போது இதைப் பேசக் கூச்சமாக இருக்கும், அதனாலேயே எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் மெக்கார்ட்னியும் இளவயதிலேயே, யார் எழுதினாலும் இருவர் பெயரும் போடுவது என்று ஒத்துக்கொண்டவர்கள். 'யெஸ்டர்டே' மெக்கார்ட்னி தனியாக எழுதியது; பதிவில் குழுவின் மற்ற மூவரும் வாசிக்கவே இல்லை. ஆனாலும் இரண்டு பெயர்தான். அவ்வளவு தெளிவான உடன்பாட்டிலும் எந்தப் பெயர் முதலில் என்பது பாக்கி இருந்தது. 2002-ல் ஒரு மேடைப் பதிவில் 19 பாட்டுகளுக்கு மெக்கார்ட்னி தன் பெயரை முன்னால் போட்டபோது, மறைந்த லெனனின் மனைவி யோகோ ஓனோவுக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் பாட்டுக்கு இத்தனை தூரம் வேண்டாம். அன்றைய பதிவைப் போனில் சேமிக்கும்போதே தேதி, மெட்டு யார், பல்லவி யார், சரணம் யார், பெயர் எந்த வரிசையில் என்று ஒரு வரி எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, அடுத்த கைக்குச் சீட்டைக் குலுக்குங்கள்.