தூங்கும் சென்சாரில் தூங்காத ரெகுலேட்டர்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன் வாடிய முகத்தோடு மண் ஈரம் பார்க்கும் சென்சாரைக் கொண்டுவந்தான். "அண்ணா, ரெண்டு வருஷம் ஓடும்னு கணக்குப் போட்டேன். மூணே வாரத்துல பேட்டரி காலி." பலகையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. பேட்டரியைத் திருப்பி மாட்டுவது போன்ற தவறுகளை அவரவரே கண்டுபிடித்துவிடுவார்கள். இது அப்படியல்ல, கண்ணில் படாமல் பேட்டரியைத் தின்னும் தவறு. அப்படிப்பட்டவை சில இதோ.

ரெகுலேட்டரை மறப்பது

டொங்காட் பக்கம் மாமாவின் கரும்புத் தோட்டத்தில் இதுபோல் நான்கு பெட்டிகள் வைத்தேன். ஒவ்வொன்றிலும் 2500 மில்லியாம்ப்-மணி லித்தியம் பேட்டரி. இரண்டு அளவீடுகளுக்கு நடுவே சிப் வேலையை நிறுத்தித் தூங்கும். அப்போது அது எடுப்பதோ சில மைக்ரோஆம்ப். மூன்றாம் வாரம் நான்கும் ஓய்ந்தன. பேட்டரி மட்டம் என்று புதிதாக வாங்கினேன். அதுவும் மூன்று வாரம்தான். அப்புறம் நிரலை மாற்றி எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஆளை மறைக்கும் கரும்புக்குள் நுழைந்து, கையெல்லாம் சோகை கீறித் திரும்பினேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்து சிப்புக்குச் சீராகக் கொடுப்பது ரெகுலேட்டர். மலிவான பலகைகளில் இருக்கும் 1117 வகை ரெகுலேட்டர், சிப் தூங்கினாலும் தனக்கென்று சுமார் 5 மில்லியாம்ப் எடுத்துக்கொண்டே இருக்கும். 2500-ஐ 5-ஆல் வகுத்தால் 500 மணி நேரம், அதாவது 21 நாள். கணக்கு ரெகுலேட்டரின் டேட்டாஷீட்டிலேயே (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) இருந்தது. நான் சிப்பின் டேட்டாஷீட்டை மட்டும் படித்தேன். எம்சிபி1700 என்ற ரெகுலேட்டர் இதே வேலைக்கு 2 மைக்ரோஆம்ப் அளவில்தான் எடுக்கும். 250 மில்லியாம்ப் வரை தரும். தொலைதூர ரேடியோவான லோராவில் தகவல் அனுப்பத் தாராளம், வைஃபைக்குப் போதாது.

முழுப் பலகையும் எடுக்கும் மின்னோட்டத்தை, மல்டிமீட்டரோடு தொடராக இணைத்து அளந்து பாருங்கள். மைக்ரோஆம்ப் நிலையில் மீட்டரே மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும். அதனால் சிப் விழித்துத் தகவல் அனுப்பும்போது ரீசெட் ஆகும். இதைத் தவிர்க்க மீட்டர் முனைகளை ஒரு வயரால் இணைத்துவைத்து, சிப் தூங்கியபின் வயரை எடுங்கள்.

பேட்டரி அளக்கும் ரெசிஸ்டர்கள்

பேட்டரியின் மின்னழுத்தத்தை சிப் அளக்க, பேட்டரிக்குக் குறுக்கே இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடராகப் போடுவார்கள். இரண்டு 10 கிலோஓம் போட்டால் 4 வோல்ட்டில் 200 மைக்ரோஆம்ப் சதா ஓடும். அதைக் குறைக்க மெகாஓமுக்குப் போகலாம். ஆனால் நம் கடற்கரை ஈரக்காற்றில், பலகையில் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸ் (சாலிடர் செய்யும்போது படியும் பசை) வழியே மின்சாரம் கசிந்து அளவு தப்பாகும். ஆல்கஹாலால் கழுவி, மேலே வார்னிஷ் பூசுங்கள்.

பயன்படுத்தாத பின்கள்

சிப்பின் பின்களை எதனோடும் இணைக்காமல் அந்தரத்தில் விடாதீர்கள். அவையும் மின்சாரத்தை வீணாக்கலாம்.

பவர் விளக்கு

பலகையில் எப்போதும் எரியும் அந்தச் சிறு விளக்கும் தூங்காது. சாலிடரிங் அயர்ன் வைத்து எடுத்துவிடுங்கள்.