கேஃபர் டேப்பை எங்கே ஒட்டலாம், எப்படி உரிக்கலாம்

மேடை, படப்பிடிப்புத் தளம், கருத்தரங்கக் கூடம் என்று தரையில் கேபிள் ஓடும் இடங்களில் அதன்மேல் கறுப்பாக, பளபளப்பில்லாத ஒரு துணி டேப் ஒட்டியிருக்கும். அதுதான் கேஃபர் டேப். வேலை முடிந்ததும் பிசுக்கு விடாமல் உரிந்து வர வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. நாளைக்கோ அடுத்த வாரமோ எடுக்கப்போகிற இடத்துக்கு இதைவிட நல்ல டேப் கிடையாது. எடுக்கவே போவதில்லை என்றால் திருகாணியோ, கிளிப்போ, வேறு பசையோதான் சரி.

வாங்கும்போதே ஒரு குழப்பம் வரும். துணி டேப் என்று கேட்டால் பல நேரம் டக்ட் டேப்பைத்தான் எடுத்துத் தருவார்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் குணம் வேறு. கேஃபர் டேப்பில் பருத்தி நூலை நெருக்கமாக நெய்த உண்மையான துணி இருக்கும். பாவும் ஊடையும் கண்ணுக்குத் தெரியும். அதன்மேல் மங்கலான வினைல் அல்லது பாலிஎத்திலீன் பூச்சு, அடியில் ரப்பர் வகைப் பசை. எல்லாம் சேர்ந்து தடிமன் ஏறக்குறைய 0.3 மி.மீ. டக்ட் டேப்பில் பிளாஸ்டிக் படலம்தான் பிரதானம். நூல், வலைபோல இடைவெளிவிட்டு உள்ளே கிடக்கும். அதன் பசை இளகலானது, சுலபமாகத் தரையில் தங்கிவிடும். அரை அடி இழுத்துக் கையால் கிழித்துப் பாருங்கள். கேஃபர் டேப் நூல் பிடித்ததுபோல நேராகக் கிழியும், குறுக்கே மட்டுமல்ல, நீளவாக்கிலும். விளக்குக்கு நேரே பிடித்தால் மினுக்காது. மினுக்கினாலோ, கிழித்த ஓரம் இழுபட்டுத் தொங்கினாலோ, ரோலின் மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் நம்ப வேண்டாம்.

அகலம் 24, 48 அல்லது 50, 100 மி.மீ. என்று கிடைக்கும். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 50 மி.மீ. கறுப்பு. குறுகலான பட்டை வேண்டும்போது அதையே நீளவாக்கில் கிழித்துக்கொள்ளலாம். எழுத வேண்டிய இடங்களுக்கு ஒரு வெள்ளை ரோல் இருந்தால் நல்லது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த டேப்பும் பரப்போடு சேர்த்து இழுக்கும் விசையை நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து தூக்கும் விசைக்கு உடனே தோற்றுவிடும். ஒரு பொருளைச் சுவரில் ஒரே துண்டால் ஒட்டினால் அதன் எடை மேல் ஓரத்தை முன்பக்கமாகத் தூக்கும், கொஞ்ச நேரத்தில் விழும். அதே டேப்பைக் கம்பத்தைச் சுற்றித் தன்மேலேயே ஒட்டுமாறு இரண்டு சுற்றுச் சுற்றினால் அசையாது. எனவே ஒட்டும் முன் 'இது எந்தப் பக்கம் இழுபடும்' என்று பார்த்து, இழுபடும் திசையிலேயே டேப்பின் நீளம் போகுமாறு வைக்க வேண்டும்.

தரையில் கேபிள் ஒட்டுவது

கேஃபர் டேப்பின் தலையாய வேலை இதுதான், அதிகம் சொதப்பப்படுவதும் இதுதான்.

முதலில் தரையைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, காயவிட வேண்டும். தூசு இருந்தால் பசை தூசைத்தான் பிடிக்கும், தரையைப் பிடிக்காது. மெழுகு பாலிஷ் போட்ட தரையிலும் பூச்சு கொட்டும் சிமென்ட் தரையிலும் பிடிப்பு குறைவு. ஓரமாக ஒரு துண்டை ஒட்டி, பத்து நிமிடம் கழித்து உரித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேபிளை நேராகப் படுக்க வையுங்கள், முறுக்கு இல்லாமல், விறைப்பாக இழுக்காமல். இரு முனையிலும் ஒரு முழ நீளம் தளர்வாக விடுங்கள். பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடத்தின்மேல் ஒட்டக் கூடாது. அவசரத்துக்குக் கழற்ற வேண்டிய இடம் அது, சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

அடுத்து 15 செ.மீ. துண்டுகளைக் கிழித்து, மீட்டருக்கு ஒன்றாகக் கேபிளுக்குக் குறுக்கே ஒட்டுங்கள். கேபிள் நகராமல் இருக்கத்தான் இது. இதை விட்டுவிட்டு நேரடியாக நீளப்பட்டையை ஒட்டினால் கேபிள் பாம்பாய் நெளியும், டேப்பும் கூடவே வளைந்து சுருக்கம் விழும், அந்தச் சுருக்கத்தில்தான் கால் தட்டும். குறுக்குத்துண்டுகள் முடிந்ததும் மேலே நீளவாக்கில் ஒரே பட்டை. ஒருவர் ரோலை உருட்டிக்கொண்டு போக, பின்னால் ஒருவர் அழுத்திக்கொண்டு வந்தால் வேலை சீக்கிரம் முடியும். ரோலை இழுத்து விறைப்பாக ஒட்டாதீர்கள். இழுபட்ட டேப் மெல்லச் சுருங்கி ஓரத்தைத் தூக்கிவிடும். முதலில் கேபிளின் இரு பக்கச் சரிவையும் விரலால் நீவி, பிறகு ஓரங்களை உள்ளங்கையாலோ செருப்புக் காலாலோ அழுத்தித் தேயுங்கள். இது அழுத்தத்தால் பிடிக்கும் பசை. மேலோட்டமாக வைத்தால் மேலோட்டமாகவே இருக்கும்.

10 மீட்டர் ஓட்டத்துக்குக் குறுக்குத்துண்டுகளுக்கு ஏறக்குறைய 1.65 மீட்டர், நீளத்துக்கு 10 மீட்டர். சிந்தியது சிதறியது சேர்த்து 12 மீட்டர் என்று வையுங்கள். 50 மீட்டர் ரோல் நான்கு ஓட்டத்துக்கு வரும்.

8 மி.மீ. கேபிள் ஒன்று என்றால் 50 மி.மீ. டேப் போதும்: கேபிளைத் தாண்டி இறங்க 20 மி.மீ. போக, பக்கத்துக்கு 15 மி.மீ. தரையைப் பிடிக்கும். இரண்டு மூன்று கேபிள் சேர்ந்தால் பக்கத்தில் பிடிக்க இடமே இருக்காது. அப்போது 100 மி.மீ. டேப், அல்லது இரு ஓரங்களில் இரண்டு பட்டை, நடுவில் அவற்றின்மேல் ஏறி உட்காருமாறு மூன்றாவது பட்டை. கேபிள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் பக்கம் பக்கமாகப் படுக்க வையுங்கள். சுருட்டி மிச்சமிருக்கும் எக்ஸ்டென்ஷன் கேபிளை அப்படியே டேப்புக்கோ கம்பளத்துக்கோ அடியில் மறைக்கவே கூடாது. சுருளில் சூடு தங்கி உறை இளகும், தீப்பிடிக்கவும் கூடும். ஆள் நடமாட்டம் தினமும் உள்ள அலுவலக வழியில் மாதக்கணக்காகக் கேபிள் கிடக்கப்போகிறது என்றால் டேப் தீர்வே ஆகாது. கேபிள் மூடியோ சுவரோரக் குழாயோ போடுங்கள்.

வீட்டிலும் வேலையிடத்திலும் மற்றவை

பெயர்ச்சீட்டு: வெள்ளை டேப்பில் 8 செ.மீ. கிழித்து, ஒட்டும் முன்பே அழியாத மார்க்கரால் எழுதுங்கள். கேபிளைச் சுற்றி இரு முனைகளையும் ஒன்றோடொன்று ஒட்டினால் கொடிபோல நிற்கும். இரு முனையிலும் ஒரே எண். மேசைக்கு அடியில் பத்து கறுப்பு வயர் தொங்கும் அலுவலகத்தில் இந்த அரைமணி வேலை பிறகு எத்தனையோ முறை உதவும்.

இடக்குறி: நாற்காலி, மேசை, கேமரா ஸ்டாண்டு போன்றவை ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வர வேண்டுமென்றால், மெல்லிய பட்டையால் காலடியில் 'ட' வடிவில் குறியிடுங்கள். நான்கு காலுக்கும் தேவையில்லை, பின்னங்கால் இரண்டுக்குப் போதும். கூட்டம் பார்க்கும் மேடையென்றால் முன்பக்கம் சுத்தமாகவும் இருக்கும்.

கைப்பிடி: வழுக்கும் சுத்தியல், துடைப்பக் கம்பு, பழைய பெட்டியின் பிடி ஆகியவற்றுக்கு 24 மி.மீ. பட்டையைச் சாய்வாக, முந்தைய சுற்றில் பாதி மூடுமாறு சுற்றுங்கள். பிடியின் வால் நுனியில் தொடங்கி தலைப்பக்கமாகப் போக வேண்டும். கை வழுக்கினால் வால் பக்கமாகத்தான் வழுக்கும்; இப்படிச் சுற்றினால் அந்தத் திசையில் ஓரங்கள் கையில் தட்டாது, புரளாது. கடைசிச் சுற்றை மட்டும் சாய்வில்லாமல் நேராகச் சுற்றி, முனையை நன்றாகத் தேய்த்துவிடுங்கள்.

நோட்டு, கணக்குப் புத்தகம், கையேடு இவற்றின் முதுகு பிரிந்தால்: டேப்பை ஒட்டும் பக்கம் மேலே தெரிய மேசையில் போட்டு, நடுவில் முதுகை நிறுத்தி, ஒவ்வொரு அட்டையாக ஏற்றி அழுத்துங்கள். மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரித்து விடலாம், மடிக்க வேண்டாம். காலத்துக்கும் காக்க வேண்டிய அரிய நூலுக்கு இதைச் செய்யாதீர்கள். பசை பழுத்துத் தாளில் கறை இறங்கும்.

இரவில் கண்ணைக் குத்தும் சின்ன எல்.இ.டி. விளக்குக்கு நகமளவு துண்டு போதும். கிழிந்த பைக்கு உள்ளும் புறமும் ஒவ்வொரு துண்டு, மூலைகளை வட்டமாகக் கத்தரித்து. கூர்மையான மூலைதான் முதலில் கிளம்பும்.

ஒட்டக் கூடாத இடங்கள்

மின்கம்பியின் திறந்த பகுதிக்கு இது இன்சுலேஷன் டேப்புக்கு மாற்று அல்ல: நெய்த துணி ஈரத்தை உறிஞ்சும், மின் காப்புக்கென்று இது செய்யப்படவும் இல்லை. எரிவாயுக் குழாய்க் கசிவில் எந்த டேப்பையும் நம்பக் கூடாது. தண்ணீர்க் குழாயில் ஒட்டினால் ஒட்டிய கையோடு ஊறிக் கழன்றுவிடும். அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, சூடேறும் விளக்கு அருகில் பசை உருகி வழியும். தலைக்கு மேலே தொங்கும் எந்தப் பொருளையும் டேப் மட்டுமே தாங்கும்படி விடாதீர்கள். புதிதாகப் பூசிய பெயின்ட், வால்பேப்பர், சுண்ணாம்புச் சுவர், பழைய வார்னிஷ் மரம் ஆகியவற்றில் டேப் வரும்போது பூச்சும் சேர்ந்து வரும்.

உரிப்பது

ஒரு முனையை நகத்தால் கிளப்பி, டேப்பைத் தன்மேலேயே மடித்து, தரையை ஒட்டினாற்போல் பின்னோக்கி மெதுவாக இழுங்கள். செங்குத்தாக வெடுக்கென்று இழுத்தால் பசை பிரிந்து தரையில் தங்கும், அல்லது பூச்சைப் பெயர்க்கும். கேபிள் ஒட்டியிருந்தால் கேபிளைப் பிடித்து மேலே தூக்காதீர்கள். டேப் அதைச் சுற்றிக்கொண்டு ஒட்டிவிடும், பிறகு துண்டு துண்டாகப் பிய்க்க வேண்டிவரும். கேபிளைக் காலால் மிதித்துக்கொண்டு டேப்பை மட்டும் உரித்து, அப்புறம் கேபிளைச் சுருட்டுங்கள். சுலபமாக எடுக்க வேண்டிய இடத்தில் முனையை 1 செ.மீ. மடித்து ஒட்டுவது வழக்கம்; நடைபாதையில் மட்டும் அந்த மடிப்பு வேண்டாம், செருப்பில் மாட்டும்.

வெயில் படும் இடத்திலும் வெப்பமான இடத்திலும் நாள்கணக்கில் விட்டால் கேஃபர் டேப்பும் பிசுக்கு விடும். பிசுக்கின்மேல் அதே டேப்பின் புதுத் துண்டை ஒட்டி ஒட்டி எடுத்தால் பாதி போய்விடும். மீதியை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கித் துடையுங்கள். அதற்கும் போகாததற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ டர்பன்டைனோ. நேரடியாக ஊற்றாமல் துணியில் தோய்த்து, முதலில் மறைவான மூலையில் சோதித்து, ஜன்னலைத் திறந்துவைத்து. பிறகு சோப்பு நீரால் துடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக்கில் அசிட்டோன் வேண்டாம், மேற்பரப்பை அரித்து மங்கலாக்கும்.

மிச்ச ரோலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் படுக்கவைத்து வையுங்கள். வெறுமனே கிடந்தால் பக்கவாட்டுப் பசையில் தூசும் முடியும் ஒட்டி, அடுத்த முறை ஒட்டும்போது சரியாக ஓரம்தான் பிடிக்காது. காரின் பின்பெட்டியில் விட்ட ரோல் வெப்பத்தில் பசை கசிந்து சுற்றோடு சுற்று ஒட்டிப்போகும்.