கைக்கு எட்டிய டிராவைக் கோட்டைவிடுவது எப்படி

சாட்ஸ்வர்த் புறநகர்ப் பிள்ளைகள் டர்பன் செஸ் போட்டிகளுக்குப் போய்வந்து, நகர்வுகளை எழுதிய ஆட்டத்தாளை என்னிடம் நீட்டினால், என் பழைய தோல்விகளையே மறுபடி பார்ப்பதுபோல் இருக்கிறது. கவனக்குறைவாகக் குதிரையைப் பறிகொடுப்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நாலு முறை அடிபட்டால் அது தானே தீரும். ஆட்டத்திறனைக் காட்டும் ரேட்டிங்கில் 400 புள்ளி அதிகமுள்ள எதிராளியை டிராவுக்கு இழுத்து வந்துவிட்டுத் தோற்பதுதான் வயிற்றெரிச்சல்.

காய்க்குக் காய் வெட்டி மாற்றித் தள்ளுவது

"எல்லாத்தையும் மாத்திட்டா டிராதானே, அங்கிள்?"

இல்லையப்பா. மாற்ற மாற்ற மிஞ்சுவது இறுதியாட்டம், அதாவது சில காய்களே மிஞ்சிய கடைசிக் கட்டம். பெரிய ரேட்டிங்காரர் உங்களைவிட நன்றாக அறிந்திருப்பதும் அதைத்தான்.

அண்மையில் ஒரு பையன் கறுப்பில் ஆடினான். ஒரு சிப்பாய் குறைவு. இருவரிடமும் ஆளுக்கொரு யானை. சிப்பாயின் வழியை மறித்து ராஜா, தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் யானை. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர் பிலிடோர் காட்டிய, டிராவுக்கான காவல் இது. யானை அந்த வரிசையில் நிற்கும்வரை வெள்ளை ராஜா முன்னேற முடியாது. சிப்பாய் அங்கே ஏறினால், யானையைப் பலகையின் மறுகோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் மேல் செக் வைக்கலாம். வெள்ளை ராஜாவுக்கு ஒதுங்க இடமிருக்காது.

இவனோ பொறுமையிழந்து, யானைக்கு யானையைத் தானே நீட்டினான். எதிரே இருந்த பெரியவர் அதை நிதானமாக எடுத்துக்கொண்டார். அடுத்த நகர்விலேயே அவருடைய ராஜா சிப்பாயை முந்தி, அவர் பக்கத்திலிருந்து ஆறாம் வரிசையில் ஏறிவிட்டது. ஓரச் சிப்பாயாக இல்லாவிட்டால், அங்கே யார் முறை என்பதெல்லாம் பொருட்டே இல்லை; ஆட்டம் முடிந்தது.

உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில், 400 புள்ளி குறைந்தவரிடம் ஓர் ஆட்டத்தில் எதிர்பார்ப்பது வெறும் 0.08 (வெற்றி 1, டிரா 0.5). ரேட்டிங் மாற்றத்தைக் கணக்கிடும் பெருக்கெண் 40 உள்ள சிறுவனுக்கு டிராவால் 16.8 ரேட்டிங் புள்ளி வந்திருக்கும், தோற்றதில் 3.2 போயிற்று. "கம்பியூட்டரும் டிரான்னுதான் காட்டியது" என்கிறான், சமூசாவைக் கடித்துக்கொண்டே. கம்பியூட்டரா யானையை நீட்டியது?

மூன்றாம் முறை

உங்கள் நகர்வால் பலகையில் அதே நிலை மூன்றாம் முறை வரப்போகிறதா? டிரா கோரலாம். காயைத் தொடாமல் நகர்வைத் தாளில் எழுதுங்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள், நடுவரைக் கூப்பிடுங்கள். நகர்த்திக் கடிகாரத்தை அமுக்கியபின் கைதூக்கினால் செல்லாது. தானாக டிராவாவது ஐந்தாம் முறையில்தான்.

எதிராளியிடம் டிரா கேட்பது

நகர்த்து, கேள், கடிகாரத்தை அமுக்கு. நச்சரிக்காதே.

ஓரச் சிப்பாயும் பிஷப்பும்

எதிராளியிடம் மிஞ்சியது ஓரச் சிப்பாயும் பிஷப்பும் மட்டும்தானா, அந்தச் சிப்பாய் ராணியாகும் மூலைக்கட்டம் பிஷப் ஓடும் நிறத்தில் இல்லையா? டிராவுக்கு உன் ராஜாவை அந்த மூலைக்கு ஓட்டு.